வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த 'லைட்' பதிப்பு?

2025-ஆம் ஆண்டுப் புரட்டாசி மாதம் நம் கடைக்காரர்களை ஒரு வழி பண்ணிவிட்டது எனலாம். செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. பில் போடும் மென்பொருளில் சரக்கு சரக்காக விகிதத்தைத் திருத்தி நிமிர்வதற்குள் ஆயுத பூஜை வந்தது. அக்டோபர் 1 அன்று தராசுக்கும் கல்லாப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு கம்ப்யூட்டருக்கும் வைத்தோம். பதின்மூன்று நாள் கழித்து, அக்டோபர் 14-ஆம் தேதி, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழக்கமாக அனுப்பிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. பூஜை போட்ட பொருளைக் காட்டி, 'இது பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்' என்று சொல்ல ஆள் கிளம்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து நம் உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றுதான். கடையில் இருப்பது வேறு விஷயம். வீட்டில் பையன் படிக்கவும், இரவில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் பார்க்கவும், பேங்க் கணக்குப் பார்க்கவும் வைத்திருக்கிற பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது? ஃபார்மேட் பண்ணிக் கொடுக்கிற தம்பி 'லைட் வெர்ஷன் போட்டுத் தருகிறேன் அண்ணா, பறக்கும்' என்கிறாரே, போடலாமா?

இதில் நமக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் நிலைமையைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். விண்டோஸ் 10 நின்றுவிட்டது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று பொருளல்ல. அது ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்கமாட்டார்கள். பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அது எல்லாக் கம்ப்யூட்டரையும் ஏற்றுக்கொள்வதில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் ஆனால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸராக இருக்க வேண்டும். அதாவது 2017-க்கு முன்பு வாங்கியவை பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்தப்படும். புதிது வாங்கலாம் என்றாலோ, 2025 இறுதியில் மெமரி சில்லுகளின் விலை உலகமெங்கும் ஏறிவிட்டது. மளிகைக் கடை லாபத்தில் அது சின்னச் செலவல்ல என்பதை நமக்கு நாமே விளக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆகவே 'லைட்' என்ற சொல் இனிக்கிறது. ஆனால் இந்தச் சொல்லுக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. நாம் கடையில் கல் நீக்கிச் சலித்துக் கட்டிய அரிசியும் விற்கிறோம். சந்தையில் எடை குறைத்துக் கட்டிய பொட்டலமும் உலாவுகிறது. இரண்டும் கையில் எடுத்தால் இலகுதான். கம்ப்யூட்டரிலும் அப்படியே.

எடை குறைத்த பொட்டலத்துக்கு முன்னுதாரணம் பழையது. 2004, 2005 வாக்கில் தாய்லாந்து, இந்தியா போன்ற நாடுகளுக்கென்று 'விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர்' என்று ஒரு மலிவுப் பதிப்பு வந்தது. நம் நாட்டுக்கு முதலில் இந்தியில் வந்தது. ஒரே நேரத்தில் மூன்று புரோகிராமுக்கு மேல் திறக்க முடியாது. மெஷினுக்கு முடியும், பதிப்பு விடாது. பின்னால் 2009-ல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் அந்த மூன்று என்ற கணக்கை எடுத்துவிட்டார்கள். ஆனால் திரையில் தெரியும் படத்தைக்கூட உங்கள் விருப்பப்படி மாற்ற முடியாது. இது அந்தக் கம்பெனியே முறைப்படி விற்ற பொருள். ஏமாற்று என்று சொல்லவில்லை. ஆயினும் 'இலகு' என்பதும் 'குறைத்தது' என்பதும் வேறு வேறு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இன்று தம்பிமார் போட்டுக் கொடுக்கிற 'லைட்' இதைவிட மோசம். அது கம்பெனி விற்கும் பதிப்பே அல்ல. முகம் தெரியாத யாரோ விண்டோஸைப் பிரித்து, பாதுகாப்பு மென்பொருளையும் அப்டேட் வரும் வழியையும் பிடுங்கி எறிந்துவிட்டு, மறுபடி தைத்து இன்டர்நெட்டில் வைத்திருப்பது. வேகமாகத்தான் இருக்கும். கதவையும் பூட்டையும் கழற்றிவிட்டால் கடைக்குள் காற்று நன்றாகத்தான் வரும். பிரித்துத் தைத்தவர் உள்ளே எதை வைத்துத் தைத்தார் என்று நம்மில் யாருக்குத் தெரியும்? அந்த மெஷினில்தான் நாம் பேங்க் பாஸ்வேர்டை அடிக்கிறோம்.

சட்டமும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டர் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. வியாபார லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் கோர்ட் சிறையைத் தவிர்த்து இரக்கம் காட்டலாம் என்று ஒரு சலுகையும் அதில் உண்டு. வீட்டு மெஷினில் கடைக் கணக்கைப் பார்க்கிற நாம் அந்தச் சலுகையைக் கேட்பது கடினம். போலித் தேங்காய் எண்ணெய், போலிச் சோப்பு என்று நாமே மேடை போட்டுப் பேசிவிட்டு, வீட்டில் போலி விண்டோஸில் பேரேடு பார்ப்பது பொருந்தவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அப்படியானால் சலித்த அரிசி எங்கே இருக்கிறது? லினக்ஸில் இருக்கிறது.

லினக்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம். நம் சேலம், நாமக்கல் வீடுகள் பலவற்றில் அது ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது நினைவிருக்கும். அந்த வரிசை மடிக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்பதும் சேர்த்துப் போடப்பட்டது. மெஷினைத் திறந்தால் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். நம் பிள்ளைகள் மேலே இருந்ததை அமுக்கினார்கள். கீழே இருந்ததை ஒருநாளும் தொட்டதில்லை. பாஸ் என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் செய்தது. 2007-ல் முதல் வெளியீடு வந்தது. தமிழ் உள்பட இந்திய மொழிகளில் வேலை செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதே 2007 வாக்கில் எல்காட் நிறுவனமும் தன் அலுவலகத்திலேயே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. ஆக, பொருள் நம் ஊருக்குப் புதிதல்ல, பரணில் கிடக்கிறது.

கோயம்புத்தூர் தாண்டிப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்துவிட்டால், கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பாடமே படிக்கிறார்கள். பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வும் அதில்தான். அவர்களுக்கு முடிவது நமக்கு முடியாதா என்ன!

லினக்ஸில் பெயர்கள் ஏராளம் என்பதுதான் புதியவரை மலைக்க வைக்கிறது. அதற்கு நாம் கண்ட வழி இது. பெயரைப் பார்க்காதீர்கள்; மெஷினைப் பாருங்கள். ரேம் எத்தனை ஜிபி, 64 பிட்டா 32 பிட்டா என்ற இரண்டு விவரம் போதும். விண்டோஸில் 'திஸ் பிசி'யின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால் இரண்டும் எழுதியிருக்கும். ஒரு எச்சரிக்கை: 64 பிட் மெஷினில் 32 பிட் விண்டோஸ் போட்டிருப்பவர்கள் உண்டு. 'எக்ஸ்64-பேஸ்டு பிராசஸர்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவும்.

பதிப்பு என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒரே பொன்னி நெல்லைப் பச்சரிசியாகவும் அரைக்கலாம், புழுங்கலாகவும் அரைக்கலாம். அதுபோல லினக்ஸ் மின்ட் என்ற ஒரே சரக்கு சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகப்போடு வருகிறது. உள்ளே ஒன்றுதான். சின்னமன் பார்க்க அழகு, கொஞ்சம் கனம். எக்ஸ்எஃப்சிஇ எளிமை, இலகு. எதையும் பிடுங்கி எறிந்து இலகு ஆக்கியதல்ல. அலங்காரம் குறைவு, அவ்வளவே. பாதுகாப்புத் திருத்தங்கள் மூன்றுக்கும் ஒன்றுபோலவே வரும்.

4 ஜிபி ரேம் உள்ள 64 பிட் மெஷின் என்றால் நம் சிபாரிசு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புதான். மின்ட் 22 வரிசை 2024-ல் வந்தது. 2029 வரை திருத்தங்கள் உண்டு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, பழைய விண்டோஸ் 7 பழகிய கைக்கு அரை மணி நேரத்தில் வசப்படுகிறது. வீட்டம்மாவும் பிள்ளைகளும் முகம் சுளிக்காமல் பழகுவார்கள் என்பதே இதை முதலில் வைக்கக் காரணம். கனமில்லாத வேறு பதிப்புகள் இதைவிட இலகுவாக இருக்கலாம்; ஆனால் வீட்டில் யாரும் தொடாத இலகு எதற்கு?

2 ஜிபி மட்டுமே இருந்தால் லுபுண்டு. எல்எக்ஸ்கியூடி என்ற இன்னும் சிறிய முகப்பு அதற்கு. 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த விலையில்லா மடிக்கணினிகள் பல இந்த ரகம். போடலாம், ஓடும். ஆனால் இங்கே ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. இயங்குதளத்தை இலகுவாக்கலாம், பிரவுசரை இலகுவாக்க முடியாது. பேங்க் பக்கம், யூடியூப், வாட்ஸ்அப் வெப் என்று மூன்று ஜன்னல் திறந்தால் 2 ஜிபி மூச்சு வாங்கும். எந்தப் பதிப்பு போட்டாலும் இதே கதிதான். இயன்றால் இன்னொரு ரேம் பலகை சேர்த்து 4 ஆக்குங்கள். அதைவிட முக்கியம், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி போடுவது. நம் அனுபவத்தில், பதிப்பை மாற்றியதால் கிடைத்த வேகத்தைவிட இதனால் கிடைத்த வேகம் அதிகம். 'லைட்' போட்டுப் பறக்க வைத்ததாகச் சொல்லும் தம்பி பல நேரங்களில் எஸ்எஸ்டியும் சேர்த்துத்தான் போட்டிருப்பார்!

32 பிட் மெஷின்? பழைய பென்டியம் 4, ஆரம்பகால ஆட்டம் நெட்புக் போன்றவை. ஆன்டிஎக்ஸ், பப்பி என்று இவற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் கூட்டம் கலைந்துகொண்டிருக்கிறது. டெபியன் என்ற மூல லினக்ஸ் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13-ஆம் பதிப்பில் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே தரவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரும் 2025 அக்டோபரில் வந்த 144-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது. குரோம் 2016-லேயே விட்டாயிற்று. ஆகவே இதில் பிள்ளைகள் டைப் அடித்துப் பழகட்டும், பாட்டுக் கேட்கட்டும். பேங்க் பாஸ்வேர்டை அதில் அடிக்க வேண்டாம்.

பாஸ் லினக்ஸையே போடலாமே, நம் சென்னைப் பிள்ளைகள் செய்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அபிமானம் நமக்கும் உண்டு. ஆனால் அது மொழிகளுக்காகச் செய்யப்பட்டது. பழைய மெஷினுக்கு இலகு என்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. தமிழ் டைப் செய்ய அதுதான் வேண்டும் என்பதும் இல்லை. மின்டிலும் லுபுண்டுவிலும் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி லினக்ஸின் குறைகளையும் சொன்னால்தான் நியாயம். டேலி விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது. குறுக்கு வழியில் லினக்ஸில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தைக் குறுக்கு வழியில் வைப்பதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். ஜிஎஸ்டி இணையதளம் பிரவுசரில் நன்றாகத் திறக்கும், ஓடிபி மூலம் ரிட்டர்ன் போடலாம். ஆனால் ஆஃப்லைன் டூல் விண்டோஸுக்கானது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கும் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டரைக் கேட்காமல் மாற வேண்டாம். எலக்ட்ரானிக் தராசோடு சேர்ந்து லேபிள் அடிக்கும் மென்பொருளும் பெரும்பாலும் விண்டோஸ்தான். எனவே கடைக் கல்லாவில் இருக்கும் மெஷினை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். அதற்குச் செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் செய்யுங்கள். முறைப்படி லைசென்ஸோடு விண்டோஸ் 11 வாங்குங்கள். வீட்டு மெஷினுக்கும் சேர்த்து இன்னொரு முறை செலவு செய்யாமல் தப்பிக்கத்தான் இவ்வளவும் சொல்கிறோம்.

இதை நமது சங்க அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்த்தோம். 4 ஜிபி ரேம், பழைய ஐ3. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்தால் திறந்திருக்கும். ஒரு எஸ்எஸ்டி வாங்கி மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்ட பிறகு டீக்கடைக்காரருக்கு ஒரு டீ வியாபாரம் நஷ்டம். சந்தா ரசீது, உறுப்பினர் பட்டியல், சுற்றறிக்கை எல்லாம் லிப்ரே ஆஃபிஸில் ஓடுகின்றன. எக்ஸெல் ஃபைல்கள் திறந்தன. யாரோ ஒரு புண்ணியவான் மேக்ரோ எழுதி வைத்திருந்த ஒரு விலைப்பட்டியல் மட்டும் திறந்தும் வேலை செய்யவில்லை, அதைப் புதிதாகப் போட்டுக்கொண்டோம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் ஆங்கிலப் புழு நெளிவதுபோலத் தெரிந்தன. அந்த எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டதும் சரியாயிற்று. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் உடனே பேசியது. சிறிய லேசர் பிரின்டர்தான் இரண்டு நாள் வம்பு செய்தது. ஆகவே பிரின்டரை முன்கூட்டியே சோதிப்பது அவசியம்.

சோதிப்பது எப்படி? லினக்ஸில் உள்ள பெரிய சௌகரியம் இதுதான். நெல்லை வாங்குமுன் கையில் கசக்கிப் பார்க்கலாம். ஒரு 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் திறந்து, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, பிரின்டர் அடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பேங்க் பக்கம் திறக்கிறதா, நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏல விலையும் நாமக்கல் முட்டை விலையும் வழக்கம்போல் பார்க்க முடிகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். பிடிக்கவில்லையா, பென்டிரைவை உருவிவிட்டால் பழையபடி விண்டோஸ். பென்டிரைவில் சற்று மெதுவாக இருக்கும்; அதை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட வேண்டாம்.

ஃபார்மேட் செய்யுமுன் ஒரு விஷயம். செவ்வாய்பேட்டைப் பக்கம் ஒரு மொத்த வியாபாரி, நம் நெடுநாள் உறுப்பினர், பெயர் வேண்டாம். 'டி டிரைவைத் தொடமாட்டேன்' என்ற வாக்கை நம்பி வீட்டு மெஷினைக் கொடுத்தார். திரும்பி வந்தபோது டி டிரைவே இல்லை. அதில்தான் நான்கு வருடத்துக் கடன் பாக்கிப் பட்டியல் இருந்தது. வாங்கியவர்களில் பலர் நல்லவர்கள், அவர்களே கணக்குச் சொல்லிக் கட்டினார்கள். மற்றவர்களிடம் எதைக் காட்டிக் கேட்பது? லினக்ஸோ விண்டோஸோ, நகல் எடுக்காமல் மெஷினை யார் கையிலும் கொடுக்கக் கூடாது. தனியாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, அதை வீட்டுப் பீரோவில் வைத்த பிறகே ஆளைக் கூப்பிடவும்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நம் சகோதர வணிகர்கள் இதைப் படித்துவிட்டு வருத்தப்படக் கூடாது. வாடிக்கையாளர் விண்டோஸ்தான் கேட்கிறார், லைசென்ஸ் விலை சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார் என்ற அவர்கள் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. லினக்ஸ் இலவசம், அதைப் போட்டுக் கொடுக்கும் உழைப்பு இலவசம் அல்ல. அதற்கு நியாயமான கூலி கேளுங்கள், நம் உறுப்பினர்கள் கொடுக்க வேண்டும். எந்தப் பதிப்பைப் போட்டீர்கள், எந்த ஆண்டு வரை அதற்குத் திருத்தம் வரும் என்று பில்லில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. காலாவதித் தேதி இல்லாத பாக்கெட்டை நாம் விற்றால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி விடுவாரா?

நமது சங்கத்துக்கு ஒரு யோசனை. லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஒன்று, லுபுண்டு ஒன்று என இரண்டு பென்டிரைவ்களை அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து இறக்கி அலுவலகத்தில் வைத்துவிடலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, விஷயம் தெரிந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகளை உட்கார வைத்தால் உறுப்பினர்கள் மெஷினைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்துப் போகலாம். பிள்ளைகளுக்கு அன்றைய படியைச் சங்க நிதியிலிருந்து கொடுக்க அடுத்த நிர்வாகக் குழுவில் தீர்மானம் வைக்கிறோம். ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு அன்பர்களுக்குச் சேலம் வருவது சிரமம் என்றால் அந்தந்த ஊரிலேயே ஒரு பென்டிரைவ் வைக்கவும் ஏற்பாடு செய்யலாம். தீர்மானம் நிறைவேறினால் தேதியைச் சுற்றறிக்கையில் தெரிவிப்போம். வருகிறவர்கள் சார்ஜரையும், முடிந்தால் பிரின்டரையும் கூடவே கொண்டுவரவும். கடன் பட்டியலின் நகலை வீட்டில் வைத்துவிட்டு வரவும்.